சாவியும் ஓர் அமானிதமே

 

இல்லத்தில் அன்றாடம் கையாளும் சிறு பொருட்களைப் பற்றி இப்பகுதியில் பேசி வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்டிருப்பது கார் சாவி. அதிலும் சாவியைப் பொதிந்திருக்கும் மேலுறையை மாற்றுவது எப்படி என்பது. “இதற்கும் ஒரு கட்டுரையா?” என்று சிலர் புன்னகைக்கக் கூடும். இரண்டு திங்களுக்கு முன்பு வரை நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன்.

வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் மருமகன், தம் காரையும் அதன் ஒரு சாவியையும் என்னிடம் விட்டுச் சென்றிருந்தார். மற்றொரு சாவி அவரிடமே இருந்தது. ஈராண்டுப் புழக்கத்தில் என்னிடமிருந்த சாவியின் பொத்தான்களை மூடியிருந்த ரப்பர் கிழிந்துவிட்டது. மேலுறையின் ஓரமும் பிளந்து, ஒரு ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தேன். அவர் விடுமுறையில் வரும் செய்தி கிடைத்தது. பொருளை ஒப்படைக்கும்போது நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டாமா? காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றேன்.

கடைக்காரத் தம்பி பத்தே நிமிடத்தில் பழைய மேலுறையைப் பிரித்து, உள்ளிருந்த மின்சுற்றுப் பலகையை எடுத்து, மடக்குச் சாவி வடிவிலான புதிய உறையில் பொருத்தினார். புதிய சாவித் தண்டையும் பழையதைப் பார்த்து அறுத்துக் கொடுத்தார். பழைய உறை குப்பைக் கூடைக்குப் போயிற்று. வீட்டு வாசலில் நின்று பொத்தானை அழுத்தினேன். கார் கண்சிமிட்டிக் கதவைத் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ், வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

மறுநாள் ஃபஜ்ருக்கு முன்பே திருச்சி விமான நிலையம் செல்ல வேண்டும். மகளும் பேரனும் ஆயத்தமாகி வந்து அமர்ந்துவிட்டனர். சாவியைத் திருகினேன். எஞ்சின் ஒரு கணம் உறுமி அணைந்தது. மீண்டும் திருகினேன், மீண்டும் அணைந்தது. முகப்பில் சாவிச் சின்னமுள்ள சிறு விளக்கு மட்டும் விடாமல் மின்னிக்கொண்டிருந்தது. “அத்தா, நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?” என்றாள் மகள். என்னிடம் விடையில்லை. இறுதியில் வாடகைக் காரை வரவழைத்துச் சென்றோம்.

வீடு திரும்பியதும் மருமகன் தம் பையிலிருந்த சாவியைப் போட்டுத் திருகினார். கார் உடனே இயங்கியது. “மாமா, பழைய கவரை என்ன செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டார். கடை திறக்கும் நேரத்தில் இருவரும் போய் நின்றோம். அந்தத் தம்பி முகம் வாடி, “பாய், நான் கவனிக்கலை” என்று சொல்லிக் கூடையைக் கவிழ்த்தார். நல்லவேளையாக, குப்பை இன்னும் அள்ளப்படவில்லை. பழைய உறையின் ஒரு மூலையில், பாதிப் புளியங்கொட்டை அளவில் ஒரு கருநிறத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் புதிய உறையில் அதற்கென இருந்த பள்ளத்தில் வைத்ததும் கார் பழையபடி இயங்கியது.

குற்றம் அவருடையது மட்டுமன்று. என்னவென்று அறியாமலே கொடுத்தவன் நான். காரை இயக்கிப் பார்க்காமல் திருப்தியடைந்தவனும் நான். ஆகவே, இனி ஒருவருக்கு இந்த அலைச்சல் நேராதிருக்க, அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சாவிக்குள் என்ன இருக்கிறது?

நாம் ஒன்று என்று எண்ணும் இச்சாவி, உண்மையில் மூன்று சாவிகளின் தொகுப்பாகும்.

முதலாவது, இரும்புத் தண்டு. இது கதவையும், சாவித் துளையையும் திருகுவதற்குரியது. இரண்டாவது, பொத்தான்களுடன் கூடிய மின்சுற்றுப் பலகை. பொத்தானை அழுத்தினால் இது வானொலி அலையாக ஒரு கட்டளையை அனுப்புகிறது. நம் நாட்டுக் கார்கள் பெரும்பாலானவற்றில் இவ்வலையின் அதிர்வெண் 433 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். இதற்குச் சக்தி தருவது காசு வடிவ மின்கலம். மூன்றாவதுதான் என்னை ஏமாற்றிய கருநிறத் துண்டு. ‘சிப்’ என்று கடைக்காரர்கள் குறிப்பிடும் இதற்கு மின்கலமே தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் அமைந்துள்ளது. சாவியைப் போட்டதும் அச்சுருளிலிருந்து பிறக்கும் காந்தப் புலமே சிப்புக்கு உயிரூட்டுகிறது. சிப் தன் அடையாளக் குறியைத் திருப்பிச் சொல்கிறது. காரின் கணினி அதைத் தன் நினைவில் உள்ளதோடு ஒப்பிட்டு, சரியென்றால் மட்டுமே எஞ்சினை இயங்க விடுகிறது.

என் காரின் கதவு திறந்ததற்கும் எஞ்சின் இயங்காததற்கும் காரணம் இப்போது விளங்கும். கதவைத் திறப்பது பலகையின் பணி. எஞ்சினுக்கு அனுமதி பெறுவது சிப்பின் பணி. பலகை வந்தது, சிப் வரவில்லை.

இந்த ஏற்பாடு கார்த் திருட்டைத் தடுப்பதற்காகத் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. கதவை உடைத்துக் கம்பிகளை இணைத்தாலும் சிப் இல்லாமல் வண்டி நகராது. திருடனுக்கு இடப்பட்ட இத்தடை, அறியாதிருந்தால் உரியவனுக்கும் தடையாகிவிடும்.

எல்லாச் சாவிகளிலும் சிப் தனியாக இருப்பதில்லை. சிலவற்றில் அது மின்சுற்றுப் பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் கருநிற ஆப்பு வடிவிலோ, அரிசியைவிடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழல் வடிவிலோ மேலுறையின் மூலையில் ஒட்டியிருக்கும். உங்கள் சாவி எவ்வகை என்று தெரியும் வரை, பழைய உறையின் ஒரு துணுக்கையும் எறியக் கூடாது.

மாற்றுவதற்கு முன்

முதலில், மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். முன்பு தொலைவிலிருந்தே திறந்த கார், இப்போது அருகில் சென்றால்தான் திறக்கிறதென்றால் குறை மின்கலத்தில் இருக்கலாம். மேலுறைக்குச் செலவிடத் தேவையில்லை. மின்கலத்தின் மேல் 2032, 2025, 1620 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் விட்டத்தையும், பின்னிரண்டு தடிமனையும் குறிக்கும். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். பழையதில் உள்ள எண்ணையே கேட்டு வாங்க வேண்டும்.

ரப்பர் கிழிந்திருந்தாலோ, உறை பிளந்திருந்தாலோ, தண்டு ஆடினாலோ உறையை மாற்றலாம். இதில் சிக்கனமும் உண்டு. வெற்று உறை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். புதிய சாவி வாங்கிக் காரின் கணினியில் பதிய வேண்டுமானால் பல ஆயிரம் ஆகிவிடும். உறையை மட்டும் மாற்றுவதற்குக் கணினிப் பதிவு தேவையில்லை. உள்ளுறுப்புகள் பழையனவே அல்லவா? ஆகையால், மேலுறை உடைந்ததற்காக முழுச் சாவியையும் மாற்றுவது வீண் விரயம். வீண் விரயம் நம் மார்க்கம் வெறுக்கும் செயல்.

உறையை வாங்கும்போது நான்கு பொருத்தங்களைப் பாருங்கள். பொத்தான்களின் எண்ணிக்கையும் இடமும்; பலகை அமரும் பள்ளத்தின் வடிவம்; மின்கலத்தின் அளவு; தண்டின் பக்கவாட்டுப் பள்ளங்கள். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தும் உட்புறம் வேறுபடும் உறைகள் உண்டு. எனவே பழையதைத் திறந்து அருகில் வைத்து ஒப்பிடுவதே சிறந்தது. பொத்தான் கூடுதலாக உள்ள உறையை வாங்கினால் காருக்குப் புதிய வசதி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். பலகையில் இல்லாத பணியை ரப்பர் செய்யாது.

சாதாரணச் சாவியை மடக்குச் சாவியாக மாற்றுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். பழைய தண்டு பெரும்பாலும் புதிய உறையில் பொருந்தாது. புதிய தண்டை அறுக்க வேண்டும். தேய்ந்த தண்டைப் பார்த்து அறுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அதிகம் புழங்காத இரண்டாவது சாவி வீட்டிலிருந்தால் அதையே மாதிரியாகக் கொடுங்கள்.

மாற்றும் முறை

வெளிச்சமான இடத்தில் மேசை மீது ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். கீழே விழும் சிறு திருகாணியும் சுருள்வில்லும் அதில் தெளிவாகத் தெரியும். குழந்தைகள் அருகில் இருக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் மீண்டும் பூட்டும்போது குழப்பம் வராது.

உறையின் விளிம்பில் சிறு பிளவு ஒன்று இருக்கும். மெல்லிய திருப்புளியைத் துணி சுற்றி அதில் வைத்து மெதுவாகத் திருகினால் இரு பாதிகளும் பிரியும். சில உறைகளில் திருகாணி ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் நெம்பக் கூடாது. மின்கலத்தின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதைப் பார்த்துக்கொண்டு அதை எடுங்கள். பலகையின் ஓரங்களை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். மின்கலத்தைத் தொடும் மெல்லிய தகடுகளை வளைத்துவிட வேண்டாம்.

அடுத்து சிப்பைத் தேடுங்கள். இதுவே மிக முக்கியமான படி. பசையிட்டு ஒட்டியிருந்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைச் சிறுகச் சிறுகச் செதுக்கி எடுங்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. கண்ணாடிக் குழலாயின் நெம்பவும் கூடாது. உடைந்த சிப்பை ஒட்ட வைக்க எவராலும் இயலாது.

மடக்குச் சாவியில் ஒரு சுருள்வில் உண்டு. அதை ஒன்றிரண்டு சுற்று முறுக்கிப் பொருத்தினால்தான் பொத்தானை அழுத்தியதும் தண்டு வெளியே வரும். முறுக்கும்போது அது துள்ளித் தெறிக்கக் கூடும். முகத்தை அருகில் வைக்காதீர்கள்.

எல்லாம் அமர்ந்த பின் இறுக மூடுவதற்கு முன்பே சோதியுங்கள். பொத்தான்கள் ஒவ்வொன்றும் வேலை செய்கின்றனவா? தண்டு கதவின் பூட்டைத் திருப்புகிறதா? எஞ்சின் இயங்கி, அணையாமல் ஓடுகிறதா? இந்த மூன்றாவது சோதனையின்போது மற்றொரு சாவி அதே வளையத்தில் தொங்கக் கூடாது. அருகிலுள்ள அதன் சிப்பைக் கார் அறிந்துகொண்டு இயங்கிவிடலாம். நாமும் சரியாகிவிட்டது என்று ஏமாறுவோம். கடையில் கொடுத்து மாற்றுவதாயினும் காரையே எடுத்துச் சென்று, இயக்கிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். பழைய உறையைக் கேட்டு வாங்கி, ஒரு மாதமாவது வைத்திருங்கள்.

தாய்மார்கள் கவனத்திற்கு

இனிச் சொல்வது காரைப் பற்றியதன்று. அதைவிட விலைமதிப்பற்றதைப் பற்றியது. சாவியிலிருந்து நான் கழற்றிய பழைய மின்கலத்தை ஜன்னல் திட்டில் வைத்திருந்தேன். அன்று மாலை என் மகள் அதைத் தன் மூன்று வயது மகனின் மூடிய கைக்குள்ளிருந்து எடுத்தாள். அது வாய்க்குப் போகவில்லை. அல்லாஹ் காத்தான்.

பளபளக்கும் இந்தக் காசு வடிவ மின்கலம் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், ஈரத்தில் மின்னோட்டம் ஏற்பட்டு, காரத்தன்மையுள்ள பொருள் உண்டாகித் தசையை அரிக்கிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண் உண்டாகிவிடும். 20 மில்லிமீட்டர் அளவுள்ளது சிறு குழந்தைகளின் உணவுக் குழாயில் சிக்கும் அபாயம் மிகுதி. சாவிக்குப் போதாத அளவு வலுவிழந்த மின்கலமும் குழந்தைக்குத் தீங்கு செய்யப் போதுமானது. அமெரிக்காவில் 2022 இல் இத்தகைய மின்கலங்களின் பாதுகாப்பிற்கென்றே தனிச் சட்டம் இயற்றப்பட்டது என்றால் ஆபத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். அறிகுறிக்காகக் காத்திருக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே விரையுங்கள். தமிழகத்தில் 108 ஐ அழைக்கலாம். வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். விழுங்கி 12 மணி நேரத்திற்குள் இருந்து, குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கவும் முடிகிறதென்றால், செல்லும் வழியில் 10 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம் என்று நச்சியல் மருத்துவ வல்லுநர்கள் கூறுகின்றனர். ஆறு முறைக்கு மேல் வேண்டாம். இது புண்ணின் வேகத்தைக் குறைக்குமே தவிர, மருத்துவத்திற்கு மாற்றாகாது. தேனைத் தேடுவதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

கழற்றிய மின்கலத்தின் இரு பக்கங்களிலும் ஒட்டுநாடா ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் உயரத்தில் வையுங்கள். சேர்ந்த பின் மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் கொடுத்துவிடலாம். நெருப்பில் போடக் கூடாது. உறை பிளந்து மின்கலம் எந்நேரமும் வெளியே விழும் நிலையிலுள்ள சாவியைக் குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகக் கொடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

சாவியைக் காப்பது

சாவியின் நகலெடுக்க அதன் உருவமே போதும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள், தொலைவிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட முடியும் என்று 2008 இல் நிரூபித்தனர். புதுக் கார் வாங்கிய மகிழ்ச்சியில் சாவியை விரித்துப் பிடித்துப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவோர் இதைச் சிந்திக்க வேண்டும். உறை மாற்றவும் தண்டு அறுக்கவும் நம்பிக்கையான இடத்தில் கொடுத்து, முடியும் வரை உடனிருங்கள்.

இரண்டு சாவிகளையும் பத்திரமாக வையுங்கள். கார் களவு போய்விட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் இரு சாவிகளையும் ஒப்படைக்கக் கேட்பது வழக்கம். காரை விற்கும்போது இரண்டையும் கொடுத்துவிடுங்கள். ஒன்று தொலைந்திருந்தால் அதை மறைக்காமல் வாங்குபவரிடம் சொல்லுங்கள். தொலைந்த சாவியின் பதிவைக் காரின் கணினியிலிருந்து நீக்கிக்கொள்ள அவருக்கு அது உதவும். குறையை மறைத்து விற்பதில் பரக்கத் இல்லை என்பதை வணிகச் சமுதாயமாகிய நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாவி என்றதும் நம் உள்ளம் தானாகச் செல்லும் வரலாறு ஒன்று உண்டு. ஹிஜ்ரி 8 இல், கி.பி. 630 இல், மக்கா வெற்றி கொள்ளப்பட்ட அந்நாளில் கஅபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமிருந்து பெறப்பட்டது. வெற்றியாளர்கள் அதை வைத்துக்கொள்ளத் தடுப்பார் எவருமில்லை. ஆயினும் பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சாவியை அதே உஸ்மானிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடும் திருவசனத்தை இந்நிகழ்ச்சியோடு இணைத்து விரிவுரையாளர்கள் பேசுகின்றனர். பதினான்கு நூற்றாண்டுகள் கடந்தும் அந்தச் சாவி பனூ ஷைபா குடும்பத்திடமே இருந்து வருகிறது. 2024 இல் சாவியைக் காத்துவந்த பெரியவர் மறைந்தபோதும் அது அக்குடும்பத்தின் அடுத்த பெரியவரிடமே சென்றது. இதற்கிடையில் கஅபாவின் கதவும் பூட்டும் சாவியும் பலமுறை புதுப்பிக்கப்பட்டன. இப்போதுள்ள பொற்கதவு 1979 இல் அமைக்கப்பட்டது. பழைய சாவிகள் பல இஸ்தான்புல் நகரின் தோப்காப்பி அரண்மனையில் காட்சிக்கு உள்ளன. இரும்பு மாறியது, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு மாறவில்லை.

அன்று மாலை மருமகனிடம், “உங்களைக் கேட்காமல் மாற்றிவிட்டேன், மாப்பிள்ளை. மன்னிக்க வேண்டும்” என்றேன். “நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, மாமா” என்றார் அவர். ஆயினும் பிறர் பொருளை அழகுபடுத்துவதானாலும் உரியவரைக் கேட்டுச் செய்வதே முறை என்பதை அன்று கற்றுக்கொண்டேன். விடுமுறை முடிந்து புறப்பட்டபோது அதே சாவியை மீண்டும் என் கையில் வைத்துச் சென்றார். பழைய உறை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கி, நம் குழந்தைச் செல்வங்களை எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.